ஊதாவாகப் பூத்ததெல்லாம் நீலக்குறிஞ்சி இல்லை

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் யாராவது ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "குறிஞ்சி பூத்திருக்குதுங்க!" என்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். நானும் அனுப்பியிருக்கிறேன். அது குறிஞ்சி வகைதான், ஆனால் நீலக்குறிஞ்சி இல்லை. அதன் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸில் தென்னிந்திய மலைகளில் மட்டும் 40 இனங்களுக்கு மேல் இருக்கின்றன.

நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாவது காந்தள், பயிரிட்ட காட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே காந்தள் பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகும். நீலக்குறிஞ்சியும் வெளிர்நீலத்தில் தொடங்கி, நாளாக ஆக ஊதா ஏறும். ஒரே புதரில் இரண்டு நிறத்தைப் பார்த்துவிட்டு இரண்டு செடி என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது, செடி நிற்கும் இடத்தைக் கவனிக்காதது. நீலக்குறிஞ்சி பெரும்பாலும் 1,300 மீட்டருக்கு மேலே, திறந்த புல்வெளியில் கூட்டமாக நிற்கும். வால்பாறை ஊரே அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே பாதையோரம் மர நிழலில் பூத்திருந்தால், பெரும்பாலும் அது வேறு குறிஞ்சி.

அப்புறம், பூவின் முகத்தை மட்டும் பார்ப்பது. வீட்டு வாசலில் இருக்கும் டிசம்பர் பூவும் குறிஞ்சியும் ஒரே குடும்பம். மலையில் அந்த டிசம்பர் பூவின் சொந்தங்கள் காடாகவே இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றிவிடும். பூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். டிசம்பர் பூ வகையில் வெளியே இரண்டு அகலமான புல்லி இதழ்களும், அவற்றுக்குள் மறைந்தாற்போல் இரண்டு சிறியவையும் இருக்கும். குறிஞ்சியில் புல்லிவட்டம் ஐந்தாகப் பிரிந்திருக்கும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். வீட்டுச் செடியிலேயே பழகிக்கொள்ளலாம்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதை வைத்து, "12 வருஷம் ஆகலையே, அதனால் இது குறிஞ்சி இல்லை" என்பதும் தவறுதான். ஆண்டுதோறும் பூக்கும் குறிஞ்சியும் உண்டு, ஏழெட்டு ஆண்டு காத்திருப்பதும் உண்டு. நீலக்குறிஞ்சிக்குள்ளேயே மலைக்கு மலை கணக்கு மாறும். மூணாறில் 2006-க்குப் பிறகு 2018-இல் பூத்தது. அதே இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறைப் பக்கம் 2022-இல் பூத்தது. ஆண்டைச் சொல்லும்போது எந்த மலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலையைப் படம் எடுக்காமல் திரும்புவதும் சரியில்லை. விளிம்பில் பல் இருக்கிறதா, நரம்பு எத்தனை சோடி, அடிப்பக்கம் மயிரடர்ந்து வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் இனத்தைச் சொல்லும் அடையாளங்கள். 1853-இல் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்செடிக் காப்பகம் இப்போது நம் கோவையில்தான், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கே உலர்த்தி ஒட்டிய செடிகளில் பூ நிறமெல்லாம் மங்கிப்போகும். இலையும் புல்லியும் காயும் அப்படியே நிற்கும்.

அதற்காகச் செடியைப் பறித்துவர வேண்டாம். நீலக்குறிஞ்சி வாழ்நாளில் ஒரே தடவை பூத்து, விதை விட்டுக் காய்ந்துபோகும். இலையை விரலால் மெல்லத் திருப்பி ஒரு படம், பூவின் அடியை ஒரு படம், செடி முழுசாக ஒரு படம், எடுத்த இடமும் தேதியும். அடையாளம் சொல்பவருக்கு இவ்வளவும் கிடைத்தால் போதும்.