குழந்தை பேசும் ஐரிஷ் வாக்கியத்தைத் திருத்தப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரிஷ் மொழியில் வினைதான் முதலில் வரும். 'தோல் மாமி தே' என்றால் 'குடித்தாள் அம்மா டீ' (மாமி என்றால் அங்கே அம்மா). நாம் வாக்கியத்தின் கடைசியில் வைக்கிற சொல் அங்கே வாசலிலேயே நிற்கிறது. இதைக் கேட்டதும் பலரும் "ஐயோ, சின்னப் பிள்ளைக்கு இது எவ்வளவு கஷ்டம்" என்பார்கள். முதல் தவறு இதுதான். உலக மொழிகளில் வினையை முதலில் வைப்பவை பத்தில் ஒன்றுகூட இல்லை என்பது உண்மை, ஆனால் அந்தக் கணக்கு குழந்தைக்கு எதற்கு? அயர்லாந்தில் கானமாரா, கெர்ரி, டோனெகால் பக்கம் ஐரிஷ் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் காதில் விழுவதே அந்த வரிசைதான். அது எதையும் புரட்டிப்போட்டுக் கற்பதில்லை.

அடுத்த தவறு நானே செய்தது. என் மகள் டப்ளினில் நீயன்ராவுக்கு, அதாவது ஐரிஷ் வழி மழலையர் பள்ளிக்குப் போகிறாள். ஒரு நாள் காலையில் என் டம்ளரைக் காட்டி 'மாமி ஓல் தே' என்றாள். அம்மா, குடி, டீ. வினை நடுவில் வந்துவிட்டதே, இது இங்கிலீஷ் வரிசை ஆயிற்றே என்று பதறி, 'ஓல் மாமி தே' என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னதில் வரிசைத் தப்பே இல்லை. இப்போது நடந்துகொண்டிருப்பதை ஐரிஷில் 'தா மாமி எக் ஓல் தே' என்பார்கள். 'தா' என்றால் இருக்கிறாள். அதுதான் அந்த வாக்கியத்தின் வினை, அது முதலில்தான் நிற்கிறது. 'எக் ஓல்' என்பது 'குடித்தலில்' என்பது போல, அங்கே 'ஓல்' ஒரு தொழிற்பெயர். மகள் 'தா'வையும் 'எக்'கையும் விட்டுவிட்டாள், மிச்சம் மூன்று சொல்லும் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன. நான் திருத்திக் கொடுத்ததுதான் கோணல், அது 'டீ குடி' என்று கட்டளை போடுகிற மாதிரி ஒலிக்கும். இரண்டு மூன்று சொல்லில் பேசும் வயதில் பல மொழிக் குழந்தைகளும் முதலில் விடுவது இந்தக் குட்டிச் சொற்களைத்தான், ஐரிஷிலோ வரிசையைத் தாங்குவதே அவைதான். அதனால் என்ன சொல் விட்டுப்போனது என்று பார்க்காமல் வரிசை தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் ஐரிஷ் பேசும் சிறு குழந்தைகளின் சொல்வரிசையைப் பின்தொடர்ந்து டீனா ஹிக்கி 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இதில் ஆர்வமுள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

'வினை எப்போதும் முதலில்' என்று குழந்தைக்கு விதி சொல்லிக்கொடுப்பதும் வேண்டாம், ஏனென்றால் அது பாதி உண்மைதான். 'டீ குடிக்க ஆசை' என்பதற்கு 'ப வா லியம் தே அ ஓல்' என்று வரும், இங்கே டீ முன்னால், குடிப்பது பின்னால். நம் 'டீ குடிக்க' அப்படியே! இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் சரளமாகப் பேச ஆரம்பித்த பிறகும் இதைத் திருப்பிப் போட்டு 'ஓல் தே' என்று சொல்வதைக் கேட்கலாம். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வரிசை பழகின வரிசை, விதியைச் சொல்லி நாமே அதைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆனால் தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும் இடமும் ஒன்று உண்டு. 'கோப்பையை அப்பா உடைத்தார்', 'அப்பா கோப்பையை உடைத்தார்', நமக்கு இரண்டும் ஒன்றுதான், 'ஐ' இருக்கும்வரை குழப்பம் வராது. ஐரிஷ் பெயர்ச்சொல்லில் அந்த 'ஐ' கிடையாது. 'வ்ரிஷ் டாடி அன் குபான்' என்பதில் வினைக்கு அடுத்து நிற்பதால்தான் உடைத்தவர் அப்பா. 'அவன்', 'அவனை' போன்ற சொற்களில் மட்டும் வேறுபாடு தெரியும்: 'ஷே' என்றால் அவன், 'ஏ' என்றால் அவனை. ஆகவே குழந்தையோடு பேசும்போது வினைக்குப் பின்னால் வருகிறவற்றை நம் இஷ்டத்துக்கு மாற்றிப் போடாதீர்கள்.

'அவள் ஆசிரியை' மாதிரி வாக்கியங்களுக்கு 'தா' உதவாது, 'இஸ்' என்ற வேறொரு சொல் வேண்டும்: 'இஸ் மூன்ச்சோர் ஈ'. பிள்ளைகள் இதிலும் 'தா'வைப் போடுவார்கள், பெரியவர்களும் போடுவார்கள். விடுங்கள், மெதுவாக வரும்.

நான் ரொம்ப வருத்தப்படுவது கேள்வி பதில் விஷயத்தில்தான். ஐரிஷில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'அன் வில் ஒக்ரஸ் ஒர்த்?' (பசிக்கிறதா) என்று கேட்டால் 'தா' அல்லது 'நீல்'. 'அன் ஓலன் து பானே?' (பால் குடிப்பாயா) என்றால் 'ஓலிம்' அல்லது 'நீ ஓலிம்'. 'வில்' என்று கேட்பதற்கு 'தா' என்று பதில் சொல்லக் குழந்தை கற்கிறதே, அது சாதாரண விஷயமா? ஒவ்வொரு பதிலிலும் வினை அதன் வாயில் முதலில் வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை! நாம் எல்லாவற்றுக்கும் 'ஷா' (ஆமாம் போல) என்று சொல்லிப் பழக்கினால் அத்தனையும் போச்சு. நிறம், மிருகம் என்று படஅட்டை காட்டிக்கொண்டே இருப்பதும் இதே கதைதான், சொல் சேரும், வாக்கியம் சேராது.

அப்புறம், கேல்டக்ட் பகுதியில், அதாவது ஐரிஷ் பேசும் ஊர்ப்பக்கம், ஐரிஷ் பேசும் வீட்டுக் குழந்தையோடு நீயன்ரா குழந்தையை ஒப்பிடாதீர்கள். 2022 கணக்கெடுப்பின்படி பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 72,000 பேர்தான். நம் பிள்ளைக்கு அந்த மொழி காதில் விழுவதே காலையில் சில மணி நேரம். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழை நிறுத்துவதால் அந்த ஐரிஷ் மணி நேரம் ஒரு நிமிடம்கூட அதிகமாகாது.

இப்போதெல்லாம் அவள் 'மாமி ஓல் தே' என்றால் நான் திருத்துவதில்லை. 'தா, தா மாமி எக் ஓல் தே' என்று பதில் சொல்லிவிட்டு என் டீயைக் குடிக்கிறேன். போன வாரம் 'தா மாமி ஓல் தே' என்றாள். 'எக்' இன்னும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.