பத்மினியின் தகரம் வெளியே தெரிந்ததும் முதலில் எபாக்ஸி, பட்டி அப்புறம்

பழைய பெயின்ட்டை எல்லாம் சுரண்டி எடுத்தபின் பிரீமியர் பத்மினி காரின் கதவு வெள்ளித் தட்டு மாதிரி மின்னும், அதைப் பார்த்துப் பூரித்துப்போய் அப்படியே மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போனால் சென்னைக் காற்றில் மறுநாள் காலை அதன் மேல் காவி பூத்திருக்கும். கை வைத்த இடத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். வியர்வையில் இருக்கிற உப்பு செய்கிற வேலை அது. அதனால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் உரித்துப் போடாதீர்கள். இன்றைக்கு எவ்வளவு தகரத்துக்கு பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில் போகும் அடிப்பூச்சு, அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் உரியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு கதவு என்றாலும் சரி.

முதல் தடவை என் வண்டியை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். நசுங்கலைத் தட்டி எடுக்கும் டிங்கரிங் முடிந்ததும் வெறும் தகரத்தின் மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டி வைத்து, மேற்பரப்பை மட்டமாக்கும் சாம்பல் நிற சர்ஃபேசர் அடித்து, கண்ணாடி ரப்பர் வரட்டும் என்று மூன்று மாதம் வெட்டவெளியில் நிறுத்திவிட்டார்கள். பெயின்ட் அடித்து வந்தபோது அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கதவின் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, கத்தி முனையை விட்டு நெம்பினால் கல்லிலிருந்து தோசை எழும்புவது போல பட்டி முழுசாக வந்துவிட்டது, அடியில் துரு. பட்டியும் சர்ஃபேசரும் நீரை உறிஞ்சும், மழைக்குக் குடை ஆகாது. எபாக்ஸி பிரைமர்தான் ஈரத்தைத் தகரத்துக்கு எட்டவிடாமல் தடுக்கும், அதனால் அது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டும்.

சரி, சுத்தம் செய்வதிலிருந்து வருவோம். பானெட், கூரை, கதவின் வெளித்தகடு போன்ற அகலமான தகடுகளை மணல் பிளாஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டாம், வளைந்து நெளிந்துவிடும். சஸ்பென்ஷன் பாகங்களுக்கு அது நல்லது. தகடுகளுக்குப் பெயின்ட் ரிமூவரும் 80 நம்பர் உப்புத்தாளும் போதும், ஆனால் ரிமூவர் மடிப்புகளுக்குள் தங்கிவிட்டால் பின்னால் புதுப் பெயின்ட்டையே உரிக்கும், கழுவி எடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியை முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கிரைண்டரில் கிண்ணம் மாதிரி இருக்கும் கம்பி பிரஷ்ஷை (கப் பிரஷ்) போட்டுத் தேய்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது துருவை எடுப்பதைவிட அதன் மேல் பாலிஷ் போடுவதுதான் அதிகம். தகரம் பளபளக்கும், உற்றுப் பார்த்தால் குழிகளுக்குள் கரும்புள்ளிகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். பேட்டரித் தட்டுக்குக் கீழே, கதவின் அடி மடிப்பில், ஸ்டெப்னி கிடக்கும் இடத்தில் இது நிச்சயம் இருக்கும். அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, காயவிடாமல் மறுபடி மறுபடி நனைத்துக்கொண்டே கம்பி பிரஷ்ஷால் குழிக்குள் தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் அதையே இன்னொரு தடவை மேலே ஊற்றிக் கரைத்து, அப்புறம் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் எபாக்ஸி பிடிக்காது, அமில மிச்சத்துக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. கழுவும்போது தண்ணீர் தாமரை இலையில் உருள்வது போல முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், விரிந்து படிந்தால் சுத்தம். உடனே காற்றடித்து உலர்த்துங்கள், மடிப்புகளுக்கு ஹீட் கன் காட்டுங்கள். ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் மருந்தால் ஆகிற காரியமில்லை, வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைக்க வேண்டும். பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, தரைத் தகரமும் அதன் பக்கவாட்டுப் பெட்டியும்தான் வண்டியைத் தாங்குகின்றன.

பிரைமர் அடிக்கும் அன்று, காலைப் பனி விலகி பத்துப் பதினோரு மணி ஆனபின் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். வெறும் தகரத்தை 80 அல்லது 120 நம்பர் தாளால் உலர்வாக ஒரு தடவை தேய்த்துவிடுங்கள், வழவழப்பான தகரத்தில் பிரைமருக்குப் பிடிமானம் இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு, கிரீஸ் போக்கும் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, அது காயும் முன்பே வேறொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் அழுக்கை இடம் மாற்றுவதுதான் மிச்சம். கம்ப்ரெசர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், நம்மூர் ஈரக்காற்றுக்கு, குழாயில் வரும் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப் இல்லாமல் அடிக்கக் கூடாது.

எபாக்ஸியும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் எந்த விகிதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் இருப்பதுதான் வேதவாக்கு, கண் அளவெல்லாம் வேண்டாம். சிலவற்றைக் கலந்தபின் அரை மணி நேரம் வரை ஊறவிட வேண்டியிருக்கும். இரண்டு கோட் போதும், நடுவில் டப்பா சொல்லும் இடைவெளி விடுங்கள். அடியில் அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அடித்தால் இன்னும் பிடிக்குமே என்று சிலர் சொல்வார்கள், இரண்டையும் சேர்க்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் ஒழிய சேர்க்காதீர்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது வீரமில்லை. ஆவி வடிகட்டும் முகமூடி வேண்டும். அடுத்து வரும் டூ-கே சர்ஃபேசரின் (ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை) ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, அது நுரையீரலைப் பதம் பார்க்கும், அதற்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடிதான் சரி.

எபாக்ஸி காய்ந்தபின் பட்டி அதன் மேல். டப்பா சொல்லும் நாள் கடந்துவிட்டால் 180 நம்பர் தாளால் மேலே தேய்த்துவிட்டு வையுங்கள். பட்டி தேய்க்கும்போது எங்காவது தகரம் எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எபாக்ஸி, அதற்குப் பிறகுதான் சர்ஃபேசர். எல்லாம் முடிந்ததும் கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள், பட்டியும் பிரைமரும் அடைத்திருக்கும். என் முதல் வேலையில் கொப்புளம் தொடங்கியதே அங்கிருந்துதான்.