படித்துறைக்குப் போகும் முன்: கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிப் பதினெட்டு நெருங்கினால் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் ரெக்கார்டரும் கையுமாகத் திருவையாற்றுப் பக்கம் வந்துவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தது, தேதி குறிக்க மறந்தது எல்லாம் இரண்டாம் நாளே சரியாகிவிடும். நான் செய்து, அவர்களும் அச்சு மாறாமல் செய்வதை மட்டும் சொல்கிறேன்.

பதிலைக் கேள்வியிலேயே வைப்பது

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருவது இதுதான். கலிபோர்னியாவில், பெர்க்லியில் நாட்டார் வழக்காற்றியல் பாடம் நடத்திய ஆலன் டண்டிஸை அப்போதுதான் படித்திருந்தேன். சடங்குக்குள் மறைபொருள் இருக்கும், செய்கிறவர்களுக்கே அது தெரியாது என்று ஃபிராய்டின் வழியில் தோண்டுகிறவர். எனக்கு அது போதாதா? படித்துறையில் காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி எல்லாம் இலையில் பரப்பிக்கொண்டிருந்த பாட்டியிடம், "இது வளமைச் சடங்குதானே பாட்டி?" என்றேன், விளைச்சலும் பிள்ளைப்பேறும் பெருகச் செய்வது என்ற பொருளில்.

"ஆமாந் தம்பி."

நாற்பது நிமிடமும் ஆமாந் தம்பிதான்.

வீட்டில் கேசட்டைப் போட்டால், நான் அடுத்த கேள்வியைத் தேடிய இடைவெளியில் பாட்டி பேத்தியிடம் சொன்னது மெலிதாக விழுந்திருக்கிறது: "தயிர்சாதத்தை அப்புறம் வைடி. மசக்கைக்காரிக்குப் புளிப்புதான் இறங்கும், எலுமிச்சஞ்சோத்தை முதல்ல வை." காவேரி மசக்கையாக இருக்கிறாள், அதனால்தான் சித்ரான்னம். என் கேள்வி ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த ஆடிக்குப் போனேன். பாட்டி இல்லை.

கதையோடு நிறுத்தாமல், சொல்கிறவர் அதற்குத் தரும் பொருளையும் கேட்டு எழுதச் சொன்னவரும் இதே டண்டிஸ்தான், 1966இல். அதை நான் படிக்கவேயில்லை. மறைபொருளை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். படித்துறையில் "இதென்ன பாட்டி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்.

'அசல் கதை எது?'

காத்தவராயன் கதை ஊருக்கொரு விதம். பல இடங்களில், வேறுபாட்டோடு வழங்குவதுதான் வழக்காற்றின் அடையாளம் என்பார் டண்டிஸ். விவிலியத்திலேயே ஒரே நிகழ்வு இரண்டு விதமாக வருவதைக் காட்டி, அதற்கடியில் வாய்மொழி மரபைப் பார்த்தவர். அதனால் அசலைத் தேடாமல், கழுமரம் ஏறும் கட்டத்தில் உடுக்கை எங்கே நின்றது, யார் அழுதார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாட்டார் என்றால் கிராமத்தார் என்று நினைப்பது

ஒரு கூட்டத்துக்குள் எல்லோருக்கும் பொதுவான அம்சம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது நாட்டார் குழுதான். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்களுக்கும் கதைகள் உண்டு.

மூடநம்பிக்கை

அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள்.

ஆறு வறண்டிருக்கிறதே என்று திரும்புவது

மேட்டூர் திறக்காத வருடம் ஒன்றில், தெருமுனை அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படைத்தார்கள். உடன் வந்த மாணவர் அதற்குள் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார்.