நாலு கலர்ல ஒரு முகம்: சோர்ன் பேலட்டோட ஆயில் போர்ட்ரெய்ட்

போர்ட்ரெய்ட் ஆரம்பிக்கணும்னா உடனே பெரிய செட்டா வாங்காதீங்க, டைட்டானியம் வைட், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட் லைட், ஐவரி பிளாக், இந்த நாலு ட்யூப் போதும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பேர்ல இதை சோர்ன் பேலட்னு சொல்வாங்க, 1896ல அவர் வரைஞ்ச செல்ஃப் போர்ட்ரெய்ட்ல கையில பிடிச்சிருக்க கலர் கலக்குற பலகையிலயே (அதுதான் பேலட்) இந்த கலர்ஸ் தெரியும், என்ன, அவர் காலத்துல ரெட்டுக்கு வெர்மிலியன்ங்கிற சிவப்பு, வைட்டுக்கு லெட் வைட்.

நீலம் இல்லாம எப்படின்னு கேப்பீங்க. ஐவரி பிளாக்ல வைட் கலந்து வர்ற கிரேயை ஒரு ஆரஞ்சு பிரவுன் பக்கத்துல வச்சு பாருங்க, நீலமாவே தெரியும். பிளாக்கும் ஆக்கரும் சேர்ந்தா ஆலிவ் பச்சை.

கேன்வாஸ வெள்ளையா விடாதீங்க, ஆக்கரும் கொஞ்சம் பிளாக்கும் டர்பன்டைன்ல (பெயின்ட்டை இளக்குற திரவம்) கரைச்சு மெல்லிசா தடவி துணியால துடைச்சிடுங்க, அதோட நெடி போக ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரே பக்கத்துல இருந்து லைட் விழுற மாதிரி ஆளை உக்கார வச்சு, கண்ணை சுருக்கி பாத்து, முதல்ல நிழல் எங்க வெளிச்சம் எங்கன்னு மட்டும் பெரிய பிரஷ்ல போடுங்க, கண்ணு மூக்கெல்லாம் அப்புறம்.

இப்ப முக்கியமான இடம். நம்ம ஊர் மாநிறம், கருப்பு முகங்களுக்கு பல வீடியோல சொல்ற பிங்க் கலவை செட்டே ஆகாது. ஆக்கர், ரெட், கொஞ்சம் பிளாக், இதான் அடிப்படை, வைட் கடைசியில. நெத்தி மினுக்குதுன்னு அதே பிரவுன்ல வைட்டை கொட்டுனா பவுடர் அப்புன மாதிரி ஆயிடும், அந்த மினுக்கல்ல ஜன்னல் வெளிச்சம்தான் தெரியுது, அதனால அங்க கிரேயை ஒரே தடவை அழுத்தி வச்சுட்டு கையை எடுத்துடுங்க. மூக்கு நுனி, காது, உதட்டுல ரெட் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். கருப்பு முகத்துல எவ்ளோ கலர் இருக்குன்னு இந்த பேலட்ல வரையும்போதுதான் புரியும், எனக்கு இது மேல அவ்ளோ பிரியம் அதனாலதான்.

உணர்ச்சி வரணும்னா எல்லாத்தையும் தேய்ச்சு வழுவழுப்பாக்காதீங்க, பிரஷ் தடம் அப்படியே நிக்கட்டும். ஒரு கண்ணை மட்டும் கூர்மையா முடிச்சுட்டு, நிழல் பக்கத்து கன்னத்தோட ஓரத்தை பேக்ரவுண்டோட கரைய விடுங்க. கலர் சேறாச்சுன்னா மேல மேல போடாம கத்தியால சுரண்டி எடுத்துட்டு புதுசா கலக்குங்க.

கீழ் லேயர்ல டர்பன்டைன் அதிகம், மேல போகப்போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) அதிகம், மாத்தி போட்டா பின்னாடி வெடிப்பு விடும். எண்ணெய் துணிய கசக்கி குப்பையில போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கலாம், தண்ணியில நனைச்சு மூடி போட்ட டப்பாவுல வைங்க.