சீக்கியரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாசிக்க ஒரு கூட்டம்: ஏற்பாடு செய்வது எப்படி

சீக்கியரையும் முஸ்லிம்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது" என்று பேசி அனுப்பிவிடுவது எளிது. வீட்டுக்குப் போனதும் கைப்பேசியில் வரும் முதல் வெறுப்புக் காணொளியிலேயே அந்தப் பேச்சு கரைந்துவிடும். வேற்றுமைகளையும் பழைய காயங்களையும் மறைக்காமல் பேசி முடித்த பிறகு மிஞ்சும் ஒற்றுமைதான் நிலைக்கும். அப்படி ஒரு கூட்டத்தைப் பஞ்சாபிலோ, பஞ்சாபிகள் வாழும் ஊரிலோ நடத்துவதற்கான வழிமுறை இது. சென்னை ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் (சீக்கியர் வழிபாட்டுத் தலம்) நடத்தினாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் கூட்டத்தைக் குருத்வாராவில் வையுங்கள். லங்கர் (எல்லோருக்குமான இலவசப் பொது உணவு) கூடம், பாத்திரம், சமைக்கும் ஆட்கள் எல்லாம் அங்கே தயார். இருபது முப்பது பேர் போதும். கூட்டம் பெருத்தால் அது மேடைப் பேச்சாகிவிடும்; மேடையில் யாரும் மனம் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருப்பதால் வேண்டாம், ரமலான் பகல் வேண்டாம். லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு முன் முடிக்கலாம். கோடையில் நேரம் தாராளம், குளிர்காலத்தில் சுருங்கிவிடும். எதற்கும் ஒரு சுத்தமான அறை, விரிப்பு, ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்யத் தண்ணீர் மூன்றையும் ஏற்பாடு செய்து வையுங்கள்.

விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. செருப்பைக் கழற்றி, கை கழுவி, தலையை மூடி உள்ளே போக வேண்டும். முடி முழுதும் மறையும் துணி நல்லது. சிகரெட், பீடி, புகையிலை எதுவும் சட்டைப்பையில்கூட இருக்கக் கூடாது. வழிபாடு நடக்கும் தர்பார் கூடத்தில் சீக்கியர்கள் தங்கள் வேதநூலான குரு கிரந்த் சாகிபுக்கு முன் நெற்றி தரையில் பட வணங்குவார்கள். முஸ்லிம்களுக்கு அப்படி வணங்கும் ஸஜ்தா இறைவனுக்கு மட்டுமே. இதைப் பேசாமல் விட்டால் வாசலிலேயே சங்கடம் வரும். வணங்குவது விருந்தினருக்குக் கட்டாயமல்ல; அமைதியாக வந்து, கிரந்தத்தை நோக்கிக் கால் நீட்டாமல் தரையில் உட்கார்ந்தால் போதும். இதை ஏற்பாட்டாளர் வாயால் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களே தவறு செய்கிறார்கள். முஸ்லிம் தரப்பு அன்போடு ஹலால் பிரியாணி கொண்டுவரும். ஆனால் சீக்கிய நடத்தை விதிநூலான ரெஹத் மரியாதாவின்படி, அமிர்தம் ஏற்ற (தீட்சை பெற்ற) சீக்கியருக்கு விலக்கப்பட்ட நான்கில் ஒன்று 'குட்டா', அதாவது சடங்கு முறையில் அறுத்த இறைச்சி. ஹலால் அதில் அடங்கும். ஆகவே யார் வீட்டில் கூடினாலும் சைவம், இறைச்சி படாத பாத்திரம். லங்கர் பொதுவாகச் சைவமே என்பதால் முஸ்லிம் தரப்புக்கும் சிக்கலில்லை.

குருத்வாராவில் தரும் இனிப்பான கடா பிரசாதம் செய்வதானால் நூறு பேருக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் தலா ஒரு கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர். மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம எடை என்பது விதி. நெய்யில் மாவைச் சிறுதீயில் நன்றாகச் சிவக்க வறுத்து, சர்க்கரை கரைத்த கொதிநீரை ஊற்ற வேண்டும். நீர் ஆறியிருந்தால் கட்டி தட்டும். மாவு போதுமான அளவு வறுபடாவிட்டால் பச்சை வாசம் போகாது. பிரசாதம் வாங்கத் தயங்கும் முஸ்லிமை வற்புறுத்த வேண்டாம். லங்கரில் எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் சேர்ந்து உண்ணலாம்.

இனி வாசிப்பு. 1430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த் சாகிபில் தொடங்க ஏற்ற இடம் ஷேக் ஃபரீத். பாக்பத்தனில் அடங்கியிருக்கும் இந்த முஸ்லிம் ஞானியின் (சிஷ்தி மரபுச் சூஃபி) 4 பதங்களும் (பாடல்கள்) 112 சலோகங்களும் (குறும்பாக்கள்) அதில் உள்ளன. சலோகங்கள் 1377ஆம் பக்கத்தில் தொடங்குகின்றன. 1381ஆம் பக்கத்தை இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் உரக்கப் படிக்கட்டும்: "எழுந்திரு ஃபரீதா, ஒளு செய், சுபுஹ் (அதிகாலைத் தொழுகை) தொழு." ஒளுவும் தொழுகையும் சீக்கிய வேதத்துக்குள் இருப்பது பல முஸ்லிம்களுக்குத் தெரியாது. சீக்கியரிலும் இதை நின்று கவனித்தவர்கள் குறைவு.

அடுத்த வரியை விட்டுவிடாதீர்கள். "இறைவனுக்கு வணங்காத தலையை வெட்டி எறி" என்கிறது அது. கூடத்தில் சலசலப்பு வரும், வரட்டும். உடனே 1378ஆம் பக்கத்துக்குத் திரும்புங்கள். "உன்னைக் குத்தியவரைத் திருப்பிக் குத்தாதே, அவர் காலை முத்தமிட்டு உன் வீட்டுக்குப் போ" என்பவரும் அதே ஃபரீத்தான். வெட்டச் சொன்னது தன் தலைக்கனத்தை, அடுத்தவன் கழுத்தை அல்ல என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாரும் விளக்காமலே புரியும். ஒற்றை வரியைப் பிய்த்து எடுப்பதுதான் தீவிரவாதியின் வாசிப்பு முறை. அதைக் கேட்பவர்கள் தாங்களே கண்டுபிடிப்பதற்கு ஈடான பிரசங்கம் இல்லை.

பிறகு கிரந்தத்தின் தொடக்க வரிகளான மூல மந்திரத்தையும் குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்று இறைவன் ஒருவன், பிறப்பில்லாதவன் என்கிறது. மற்றது அவன் ஒருவன், பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்கிறது. உருவ வழிபாட்டை மறுப்பது, உழைத்து நேர்மையாகச் சம்பாதிப்பது, மதுவை விலக்குவது ஆகியவற்றிலும் இரு தரப்பும் நெருக்கம். சீக்கியர் வருவாயில் பத்தில் ஒரு பங்கு தஸ்வந்த் தருகிறார்கள். வசதியுள்ள முஸ்லிம்கள் சேமிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் தருகிறார்கள்.

வேற்றுமைகளையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். சீக்கியர் மறுபிறவியை நம்புகிறார்கள், முஸ்லிம்கள் மறுமை நாளை. முஸ்லிம்களுக்கு முஹம்மது நபியோடு தூதுத்துவம் முடிந்தது. சீக்கியருக்குப் பத்து குருமார், அவர்களுக்குப் பின் கிரந்தமே குரு. "சீக்கியம் இந்து மதமும் இஸ்லாமும் கலந்த கலவை" என்று யாரும் பேச வேண்டாம். அது சீக்கியரைப் புண்படுத்தும். "நானக் உண்மையில் முஸ்லிம்தான்" என்பதும் அப்படியே. 141ஆம் பக்கத்தில் குரு நானக் ஐந்து வேளைத் தொழுகைக்குப் பொருள் சொல்கிறார்: உண்மை, ஹலாலான வருவாய், இறைவன் பேரால் ஈகை, தூய எண்ணம், இறைபுகழ். இதைக் காட்டி "பார், தொழுகையையே மறுத்துவிட்டார்" என்று வாதிட்டால் கூட்டம் அதோடு முடிந்தது. தொழுபவனை உண்மையாகத் தொழச் சொல்கிறார் என்று வாசிக்கவும் அதில் இடம் இருக்கிறது. பூணூல் அணிபவரிடமும் அவர் இதே கண்டிப்போடுதான் பேசினார். மக்காவில் அவர் கால் திரும்பிய பக்கம் காபா திரும்பியது என்ற ஜனம்சாக்கி (நானக்கின் வாழ்க்கைக் கதைத் தொகுப்பு) கதையை முதல் கூட்டத்தில் தவிர்க்கலாம்.

வரலாற்றுக்குப் பாதி நேரமாவது வேண்டும். 1606இல் ஜஹாங்கீர் ஆட்சியில் லாகூரில் குரு அர்ஜன் கொல்லப்பட்டார். 1675இல் ஔரங்கசீப் ஆணையில் டெல்லி சாந்தினி சௌக்கில் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்டது. குரு கோவிந்த் சிங்கின் பத்து வயதுகூட நிரம்பாத இளைய மகன்கள் இருவரைச் சர்ஹிந்த் நவாப் வசீர் கான் கொன்றான். இவற்றைச் சொல்லும்போது முஸ்லிம் தரப்பு தற்காப்பில் இறங்கக் கூடாது, கேட்டால் போதும். சொல்பவரும் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்தச் சிறுவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முஹம்மது கான். 1688 பங்காணிப் போரில் குரு கோவிந்த் சிங்குக்காகத் தன் மகன்களை இழந்தவர் சதௌராவின் முஸ்லிம் ஞானி பீர் புத்து ஷா. மாச்சிவாராவிலிருந்து குருவைக் காப்பாற்றி அழைத்துச் சென்றவர்கள் நபி கான், கனி கான் என்ற பட்டாணியர். போர்க்களத்தில் எதிரிப் படையினருக்கும் தண்ணீர் கொடுத்த பாயி கன்னையா மீது புகார் வந்தபோது, குரு அவரிடம் மருந்தையும் கொடுத்து அனுப்பினார் என்பது சீக்கிய மரபு. 1947இல் ராவல்பிண்டிக் கிராமங்களில் சீக்கியர் கொல்லப்பட்டனர், கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள். ஷேர் முஹம்மது கானின் மாலேர்கோட்லா தப்பியது. யார் தரப்பில் எத்தனை பிணம் என்று எண்ணத் தொடங்கினால் நடத்துநர் உடனே நிறுத்த வேண்டும்.

வெறிப் பேச்சு எப்படியும் கிளம்பும். ஒரு தரப்பில், குரு கோவிந்த் சிங் ஔரங்கசீப்புக்கு எழுதிய கடிதமான ஸஃபர்நாமாவின் வாள் வரி வரும். முழு ஈரடியையும் படிக்கச் சொல்லுங்கள்: "எல்லா வழியும் அடைபட்ட பின்பே வாளேந்துவது நியாயம்." அந்தக் கடிதம் ஔரங்கசீப்பைச் சாடுவது குர்ஆன் மீது செய்த சத்தியத்தை மீறியதற்காக; முஸ்லிமாக இருப்பதற்காக அல்ல. மறு தரப்பில் குர்ஆன் 2:191 வரும். 190இலிருந்து 193 வரை படிக்கவையுங்கள்: உங்களோடு போரிடுவோரோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள், அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

"தீவிரவாதம் அவர்கள் மதத்தில்தான்" என்று யாராவது சொன்னால், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்த்து 329 பேரைக் கொன்றவர்கள் சீக்கியத் தீவிரவாதிகள். 2020 மார்ச்சில் காபூல் குருத்வாராவில் 25 பேரைக் கொன்றது ஐ.எஸ். தீவிரவாத அமைப்பு. இரண்டுக்காகவும் இந்தக் கூடத்தில் இருப்பவர் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. யாரும் நியாயப்படுத்தவும் கூடாது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் சீக்கியர்கள் முஸ்லிம் என்று தவறாக எண்ணப்பட்டுத் தாக்கப்பட்டபோது, "நாங்கள் முஸ்லிம்கள் அல்ல" என்று சொல்லித் தப்பலாமா என்ற கேள்வி எழுந்தது. முஸ்லிமை அடித்தால் சரியாகிவிடுமா என்று திருப்பிக் கேட்ட சீக்கியர்கள் உண்டு. இளைஞர்கள் இருந்தால் இந்தக் கேள்வியையே விவாதத்துக்குக் கொடுங்கள்.

கேலியும் மிரட்டலும் மட்டுமே பேசும் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள், சபையில் மடக்காதீர்கள். வன்முறைக்குத் திட்டம் இருப்பதாகத் தெரிந்தால் அது பேச்சுவார்த்தைக்கான விஷயமல்ல, காவல்துறைக்கானது.

சாப்பிட்ட பாத்திரங்களை எல்லோரும் சேர்ந்து கழுவுங்கள். உட்கார்ந்தபோது பேசாதவர்கள் அங்கேதான் பேசுவார்கள். அடுத்த கூட்டம் பள்ளிவாசலில் நடக்கட்டும்; கலைவதற்கு முன் அதன் தேதியை உறுதி செய்யுங்கள். அமிர்தம் ஏற்ற சீக்கியர் கிர்பானைக் (இடுப்பில் அணியும் குறுவாள்) கழற்ற மாட்டார், தலைப்பாகையையும் எடுக்க மாட்டார் என்பதைப் பள்ளிவாசலின் ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். குருத்வாராவில் பெண்கள் அதே கூடத்தில் இருந்து கீர்த்தனும் (பக்திப் பாடல்) பாடுவார்கள். பள்ளிவாசலில் தனி இடம் இருக்கும். அதை வாசலில் வைத்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக் கூடாது.