பார்க்குக்கு பக்கத்துல நிலம், வேலைன்னு இருக்கறவங்களுக்கு

தேசியப் பூங்காவோ ஊர் பார்க்கோ, அத ஒட்டி நிலம் வச்சிருந்தாலும் சரி, அங்க வேலிக்கோ வீட்டுக்கோ கான்ட்ராக்ட் எடுத்திருந்தாலும் சரி, மொதல்ல எல்லைய உறுதி பண்ணுங்க. பழைய வேலி இருக்குல்ல, அதான் எல்லைன்னு நம்பாதீங்க, அது யாரோ வசதிக்கு போட்டது, பத்திரத்துல இருக்கற கோடு வேற எடத்துல போகும். போன் மேப்ல பாக்கறதும் வேணாம், வெட்டவெளியிலயே 5 மீட்டர் போல தள்ளிக் காட்டும், மரத்தடியில இன்னும் மோசம். சர்வேயர வச்சு அளந்து கல்லு நடுங்க, அளக்கற அன்னைக்கே பார்க் ஆபீஸ்லருந்தும் ஒருத்தர வரச் சொன்னா பாதி தகராறு அங்கயே முடிஞ்சிரும். ரொம்ப வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம்ங்கற வாதம் அரசு நிலத்துக்கு எதிரா பல நாடுகள்ல எடுபடாது.

அடுத்தது பார்க் வழியா போக, வேலை செய்ய பர்மிஷன் யார்கிட்ட கேக்கறதுங்கறது. கேட்ல நிக்கற ரேஞ்சர் நல்லவரா இருப்பாரு, "அதுக்கென்ன, போங்க"ன்னு சொல்லுவாரு, ஆனா அது பர்மிஷன் இல்ல, நாளைக்கு அவர் வேற எடத்துக்கு மாறிப் போனா உங்ககிட்ட கையில ஒண்ணும் இருக்காது. இதுல கையெழுத்து போடற அதிகாரி யாருன்னு நேரா கேளுங்க. நேர்ல பேசுனத அன்னைக்கே மெயில்ல போட்டுடுங்க: "இன்னைக்கு பேசுனபடி வடக்கு கேட் வழியா ரெண்டு லாரி, காலைல 8 மணிலருந்து 4 மணி வரைக்கும், மழை பேஞ்சா அன்னைக்கு வேலை இல்ல. சரின்னா எழுத்துல சொல்லுங்க." பதில் வரலன்னா ஓகேன்னு அர்த்தம் இல்ல, திரும்ப கேளுங்க.

பெரும்பாலும் சண்டை வர்றது மரத்துலதான். நான் மரத்த தொடவே இல்லையேன்னு கான்ட்ராக்டர் சொல்லுவாரு, உண்மையாவும் இருக்கும், ஆனா வேர் பெரும்பாலும் மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுலதான் படர்ந்து கெடக்கு, அது மேல ஜேசிபி ரெண்டு நாள் ஓடுனாலோ மண்ண குமிச்சு வச்சாலோ மண்ணு இறுகி காத்தே போகாது, மரம் உடனே சாகாது, சில வருஷம் கழிச்சு மேல் கிளையில காய ஆரம்பிக்கும். அப்ப பில்லு உங்க பேருக்கு வரும். கட்டட வேலை நடக்கற எடத்துல மரத்த காப்பாத்தறதுக்கான பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு 5837ல ஒரு எளிய கணக்கு இருக்கு, 1.5 மீட்டர் உயரத்துல தண்டோட விட்டத்த அளந்து 12ஆல பெருக்குங்க, அந்த ஆரத்துக்குள்ள நுழையாதீங்க. டேப்ப சுத்திப் பிடிச்சா 157 சென்டிமீட்டர் வருதுன்னா விட்டம் 50, அப்ப மரத்த சுத்தி 6 மீட்டர். மரம் பார்க் பக்கம் நின்னாலும் இந்த வட்டம் உங்க நிலத்துக்குள்ள வரும், இதத்தான் நெறைய பேரு யோசிக்கறதில்ல. பெயின்ட் கோடு போதாது, உறுதியான வேலி போட்டுடுங்க, டிரைவர் கோட்ட மதிக்க மாட்டாரு.

பறவை கூடு கட்டற சீசன்ல மரம் வெட்ட, புதர் கிளியர் பண்ண பல எடங்கள்ல தடை இருக்கு, அதனால தேதி குறிக்கறதுக்கு முன்னாடி அத கேளுங்க. மெஷின் டயர கழுவிட்டு கொண்டு வாங்க, சேத்துல ஒட்டுன களை விதை அவங்களுக்கு பெரிய தலைவலி. உங்க மழைத்தண்ணிய பார்க் பக்கம் திருப்பி விடற பிளானா, பர்மிட்டே கெடைக்காம போக வாய்ப்பு இருக்கு.

கான்ட்ராக்டருக்கு தனியா ஒண்ணு. பர்மிட் லேட்டானா மெஷின் சும்மா நிக்கற வாடகை யாரு தலைலன்னு நில ஓனரோட ஒப்பந்தத்துலயே எழுதிக்கங்க. பார்க் ஆபீஸ்ல டெபாசிட் கேட்டா, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி பாதை, கேட், மரம் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து அவங்களுக்கும் அனுப்பிடுங்க, ஏற்கனவே இருந்த பள்ளத்துக்கு உங்க காச பிடிக்க முடியாது.

உல்டாவாவும் நடக்கும், பார்க் மரம் காஞ்சு உங்க கூரை மேல சாஞ்சு நிக்கும். போன்ல புலம்பாதீங்க. போட்டோ, எடம், தேதி போட்டு எழுத்துல குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு ரசீதும் வாங்கிடுங்க, ஏன்னா விழுந்தப்புறம் நஷ்டஈடு கேக்கும்போது ஆபத்து அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்கறதுதான் பல எடத்துல மொத கேள்வி.