பின்னூட்டம் வழியாக வாசகரைப் பெறுதல்

பிறர் வலைப்பதிவின் பின்னூட்டத்தில் நம் தளத்தின் இணைப்பை ஒட்டினால் கூகுள் தேடலில் முன்னேறலாம் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள்; ஆனால் 2005-இலேயே அறிமுகமான, 'இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறிப்பு அந்த ஆதாயத்தைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. ஆகவே அங்கே படிக்க வரும் மனிதர்களை எண்ணியே எழுதுங்கள்.

உங்கள் துறையில் எழுதும் நான்கைந்து பதிவர்களைத் தேர்ந்து, இடுகையை முழுவதும் படித்த பிறகே பின்னூட்டம் இடுங்கள். "அருமை, என் பக்கமும் வாருங்கள்" என்பது (நானும் ஒரு காலத்தில் எழுதியதுதான்) யாரையும் அழைத்து வராது. மாறாக, இட்லி மாவு புளிக்காததைப் பற்றிய இடுகையில், "குளிர்நாளில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுவதும் வைக்கிறேன்" என்று எழுதுபவரின் பெயரைச் சொடுக்கிப் பார்க்கத் தோன்றும். வேர்ட்பிரஸ் வலைப்பதிவுகளில் உங்கள் தள முகவரியை அதற்குரிய கட்டத்தில் இட்டாலே பெயரில் இணைப்பு வந்துவிடும். யாரேனும் மறுமொழி எழுதினால், திரும்பிச் சென்று பதில் சொல்லுங்கள்.